கொள்ளிட மணலில் இறங்கிய ஆகாயக் கப்பல்

கல்யாணமாகி அரியலூர் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது என் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இரண்டு நாவல்கள் இருந்தன. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. மனிதர்களைச் சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் அனுப்பி வைக்கிறவர். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த வருத்தத்தில் நான் முடங்கிப் போகாமல் காப்பாற்றியவை அந்தப் புத்தகங்கள்தான். ஆகாயக் கப்பல் கட்டிய ஒரு விஞ்ஞானி, அவருக்கு ஒரே மகள். அப்பா மயங்கி விழுந்ததும் மகள் சுக்கானைப் பிடிப்பாள். இரண்டாவது நாவல் முடியும்போது செவ்வாயிலிருந்து பூமிக்குத் திரும்பும் கப்பலை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானங்களில் குவார்ட்டர்ஸ் பெண்கள் வேப்பமரத்தடியில் கூடி ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவோம். நான் அந்த நாவல்களை உரக்கப் படிப்பேன். ரயிலுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மனைவிக்குச் சொந்த ஊர் கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதையில் ஒரு வரியை விட்டுவிட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். "அந்தப் பொண்ணு ஊரு வந்து சேந்துச்சா இல்லியா?" என்று தண்ணீர் பிடிக்கும் இடத்தில்கூடக் கேட்பாள். யுத்தகாலம், காகிதத்துக்குப் பஞ்சம். அடுத்த நாவல் வெளிவரத் தாமதமாகிக்கொண்டே போனது.

ஒருவழியாக அது வந்ததும் என் கணவர் திருச்சியிலிருந்து வாங்கி வந்தார். அவர் கூட்ஸ் கிளார்க். அவருக்குச் சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிடாமலே படிக்க உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்திலேயே நடுவானில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். புருஷன் சுக்கானைப் பிடிக்கிறான், அவள் காபி போடுகிறாள். இயந்திரம் பழுதானால் யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடுவதில்லை. எங்கிருந்தோ ஒரு முனிவர் தோன்றி வரம் கொடுக்கிறார். கடைசிப் பக்கத்தில் விஞ்ஞானி சாய்வு நாற்காலியில் கண் விழிக்கிறார். நடந்ததெல்லாம் கனவாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இது அவரு எழுதுனதே இல்லீங்க" என்றேன்.

"அட்டையில அவரு பேருதானே போட்டிருக்கு?" என்றார் என் கணவர், பாவம்.

மறுநாள் மரத்தடியில் எல்லோரும் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். மனசே இல்லாமல் படிக்க ஆரம்பித்தேன். காபி வந்த இடத்தில் பாயிண்ட்ஸ்மேன் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"இரு கண்ணு. கப்பல் ஓட்டுன பொண்ணு கையில டம்ளர யாரு குடுத்தா?"

நான் புத்தகத்தை மூடினேன். "இதுக்கு மேல என்னால படிக்க முடியாதுக்கா. கடைசியில எல்லாம் கனவுன்னு முடிச்சுட்டாரு."

"கனவா! அப்ப நாம இத்தன நாளு கேட்டது?" அவள் முகம் சுருங்கிப்போனது. பிறகு என்னைப் பார்த்தாள். "அவரு கெடக்காரு. அந்தப் பொண்ண ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே. அது என்னா பண்ணியிருக்கும், சொல்லு."

ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி கான்வென்டில் படித்தவர். "பெரியவர் எழுதினதை நம்ம இஷ்டத்துக்கு மாத்தறதா? கொடு, நான் படிச்சுப் பாக்கறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் சொன்னேன். கப்பலின் பாய்லரில் தண்ணீர் குறைகிறது, அவள் சுக்கானை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குழாய்களுக்கு நடுவே தவழ்ந்து போகிறாள் என்றதும் கல் பொறுக்கிய கைகள் எல்லாம் நின்றன. அதன்பிறகு வார்த்தைகள் தானாக வந்தன. அன்று சாயங்காலம், "பாய்லர்ல தண்ணி கொறஞ்சா என்னங்க ஆகும்?" என்று கணவரைக் குடைந்தெடுத்தேன். அவர் எஞ்சின் டிரைவரிடம் கேட்டு வந்து சொன்னார். அதெல்லாம் மறுநாள் கதைக்குள் போனது.

அடுத்த சில நாட்களில் ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி புத்தகத்தோடு வந்தார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் புத்தகத்தைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"முழுக்கப் படிச்சுட்டேன். இதுக்கு இதுதான் மரியாதை. நீ சொல்ற கதைய எனக்கு மொதல்லேருந்து சொல்லு."

கப்பலைச் சென்னைக் கடற்கரையில் இறக்குவதாகத்தான் நான் நினைத்து வைத்திருந்தேன். பாயிண்ட்ஸ்மேன் மனைவி கையை நீட்டித் தடுத்தாள். "பட்டணத்துல எதுக்கு? எங்கூரு கொள்ளிடத்துல எறக்கு. கோடையில தண்ணி வத்திப்போயி மணலு மெத்து மெத்துன்னு கெடக்கும். கப்பலுக்கு ஒரு கீறலு வுழாது."

அவள் சொன்னதுதான் சரி. நான் அந்த நிமிஷமே திசையைத் திருப்பினேன். ஏலாக்குறிச்சிக் கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்து விஞ்ஞானியின் மகள் கப்பலைத் தாழ்த்தினாள். நாணல் படுத்தது, மணல் சுழன்று எழுந்தது, கப்பல் நின்றது. கதவைத் திறந்து முதல் ஆளாக அவள் மணலில் கால் வைத்தாள் என்று நான் முடித்ததும், பெண்கள் போட்ட கூச்சலில் பிளாட்பாரத்திலிருந்து போர்ட்டர் ஓடி வந்துவிட்டார். "என்னாங்கம்மா, யாருக்கு என்னா ஆச்சு?"

"எங்கூருல கப்பலு எறங்கிடுச்சு! நம்ம பொண்ணு எறக்கிட்டா!" என்றாள் பாயிண்ட்ஸ்மேன் மனைவி. அவள் கை என்னைத்தான் காட்டியது.