அந்தக் கதாநாயகியின் கூந்தலில் என் பங்கு

மழித்த தலையில் மூடுபனி இறங்கும்போது குளிராது. யாரோ ஈரத்துணியால் மெல்லத் தொட்டுவிட்டுப் போவதுபோல் இருக்கும். எழுபதுகளில் நாங்கள் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து "லயத்தில்", வரிசையாகக் கட்டிய கூலிக்காரர் வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். எனக்கு ஒன்பதோ பத்தோ வயதிருக்கும்போது காய்ச்சல் கண்டு, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதில், அம்மா மிச்சத்தையும் மழித்துவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். குழாயடிக்குக்கூடத் தலையில் துண்டு சுற்றாமல் போகமாட்டேன்.

லயத்துப் பெண்கள் சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்பார்கள். போடியிலிருந்து மலையேறி வரும் சவுரிக்காரர் அதை வாங்கிக்கொண்டு வளையலோ ரிப்பனோ கொடுப்பார். என் முடியை வெயிலில் தூக்கிப் பார்த்தவர், தன் மச்சினன் மெட்ராஸில் சினிமாவுக்கு "டோப்பா" கட்டுகிறவன் என்றும், ஊரெல்லாம் கொண்டாடும் இன்ன நடிகையின் தலையில்தான் இது போய் உட்காரப்போகிறது என்றும் சொன்னார். அம்மா சிரித்தாள். நான் நம்பவில்லை.

கொஞ்ச நாளில் தோட்டத்து மைதானத்தில் திரை கட்டி அந்த நடிகையின் படத்தைப் போட்டார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். திரைக்கும் எங்களுக்கும் நடுவே பனி புகுந்து புகுந்து போக, அவள் முகம் மங்குவதும் தெளிவதுமாக, கனவில் வருகிறவள்போல் நடமாடினாள். ஒரு பாட்டில் முதுகைக் காட்டித் திரும்பினாள். முழங்கால் வரைக்கும் பின்னல்.

"அந்தா, நம்ம புள்ள முடில்லா அது," என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை.

பின்னாலிருந்த தங்கம் அக்கா விடவில்லை. "அதெப்படி மதினி, அவ முடியாப் போச்சு? ரெண்டு வருசமா அந்தாளுக்கு நானுந்தான் குடுக்கேன்."

"ஒன்னுது செம்பட்டை. செம்பட்டைக்கு மெட்ராஸ்ல யாரு காத்துக் கெடக்கா?"

"கறுப்பு வெள்ளைப் படத்துல செம்பட்டை தெரியுமாக்கும்?"

ஆளாளுக்குப் பங்கு கேட்கத் தொடங்கினார்கள். கடைசியில் பேச்சி அத்தைதான் பாகம் பிரித்தாள். "பின்னலை எல்லாரும் வச்சுக்கிடுங்கட்டி. நெத்தியில சுருண்டு கெடக்குல்லா, அது எளசு முடி. அது இந்தப் புள்ளைக்கு."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். துண்டு எப்போது நழுவியது என்று தெரியவில்லை. யாருடைய கையோ என் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. மறுநாள் துண்டில்லாமல் குழாயடிக்குப் போனேன். "நடிகை வாரா, கொடத்தை நவுத்துங்க," என்றாள் தங்கம் அக்கா.

பள்ளிக்கூடம் மட்டும் விட்டது விட்டதுதான். என் முடி மெட்ராஸ் போய், படமாகி, திரும்ப மலையேறி வருவதற்கு அந்தக் கொஞ்ச நாள் போதுமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் இன்றுவரை கேட்டதில்லை.

போன வருஷம் அந்த நடிகை இறந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். எங்கள் லயம் ஆளில்லாமல் கிடக்கிறது. சவுரிக்காரர் நடந்து வந்த தடத்தில் இப்போது சுற்றுலா ஜீப்புகள் ஓடுகின்றன. அந்தப் பின்னலில் பங்கு கேட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். அன்றைக்குச் செய்தி கேட்டதும் எழுந்து போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

ஈரத் தலையோடு நின்ற என்னைப் பார்த்து மருமகள் பதறிப்போனாள். "யாரு அத்தே தவறிட்டாங்க?"

"நமக்கு வேண்டியவதான்," என்றேன். "எல்லாருக்குமாச் சேத்து நான் முழுகிட்டேன். நீ போயி அடுப்பைப் பாரு."