வால்நட்சத்திரத்துக்குத் தலையாட்டியவர்

கல்லூரியில் பிள்ளைகள் அந்த இயற்பியல் வாத்தியாருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஆதாரம்’. எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்பார். மனைவி ஜன்னலைப் பார்த்து "மழை வரும்போல இருக்கு" என்றால்கூட விடமாட்டார். அப்படிப்பட்ட மனுஷர், போயும் போயும் ஒரு சினிமாவுக்குத் தலையாட்டிவிட்டு வந்தார்.

வால்நட்சத்திரம் ஒன்று பூமியில் மோத வருவதாகப் படம். அறிவியல் ஆலோசகராக இவரைக் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கறாராகத்தான் இருந்தார். விண்வெளியில் காற்றே கிடையாது, அது உறுமிக்கொண்டு வரக்கூடாது என்றார், சத்தத்தை எடுத்தார்கள். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும் என்றார், அதையும் மாற்றினார்கள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசிக் காட்சியில்தான் வந்தது வினை. மலையளவு வால்நட்சத்திரம் தரையைத் தொட ஒரு நிமிஷம் இருக்கும்போது கதாநாயகன் குண்டு வைத்து அதைப் பொடியாக்குகிறான். துண்டுகள் வாணவேடிக்கை காட்டிக் கருகிப்போகின்றன, ஜனங்கள் கைதட்டுகிறார்கள். "இது நடக்குமா?" என்று இயக்குநர் கேட்டார். பக்கத்தில் கதாநாயகனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடக்காது. உடைத்துவிட்டால் மட்டும் அத்தனை ஆற்றலும் எங்கே போய்விடும்? எல்லாம் காற்றில் இறங்கி, வானமே அடுப்பாகிக் கீழே இருப்பதைப் பொசுக்கிவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம்மவருக்கு இது தெரியும். ஆனால் வாய் என்ன சொல்லிற்று? "நடக்கலாம், நடக்கலாம்."

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. திரையில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் மட்டும் அரங்கின் கைதட்டலுக்கு நடுவில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த வாரம் வகுப்பில் ஆற்றல் அழியாது என்கிற பாடம் வந்தது. வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். வருஷா வருஷம் கேட்கிற கேள்வி, பழக்க தோஷத்தில் வாயில் வந்து தொலைத்தது. "பெரிய வால்நட்சத்திரத்தைக் கடைசி நிமிஷத்துல உடைச்சா தப்பிப்போமா?"

முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "தப்ப மாட்டோம் சார். உடைஞ்சாலும் மொத்த ஆற்றல் அப்படியேதான் இருக்கும். காத்தே கொதிச்சுடும்."

"ஏய், நீ படம் பார்க்கலையா?" என்றான் பின்பெஞ்சுக்காரன் ஒருவன். "சாரே சரின்னு சொல்லித்தானே எடுத்திருக்காங்க!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "சாரி சார், நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்" என்று உட்காரப் போனாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் மானம் பிழைக்கும். ஆனால் சரியாகச் சொன்ன பிள்ளை, தான் சொன்னது தப்பென்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

"உட்காராதேம்மா. நீ சொன்னதுதான் சரி. படம் தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் நான் தலையாட்டினேன்."

சிரிப்பு பொசுக்கென்று நின்றது.

"ஏன் சார்?" என்றாள் அவள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

கௌரவமாக ஒரு பதில் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. "அந்த ஹீரோ என்னை ‘சார்’னு கூப்பிட்டாரும்மா. அதுக்கப்புறம் மறுத்துப் பேச மனசு வரல."

அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"நாங்க தினமும் அப்படித்தானே சார் கூப்பிடறோம்?"