பிளாஷில் போட்ட பழி

யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் நேற்று ஒரு கமரா பிளாஷைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கடைக்காரர் பொறுமைசாலி. பற்றறியைப் போட்டு, அதன் தலையை முகட்டுப் பக்கம் திருப்பி ஒருமுறை அடித்துக் காட்டினார். வெளிச்சம் கடை முழுக்கப் பால் மாதிரிப் பரவி மறைந்தது. நான் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"என்னண்ணை யோசிக்கிறியள்?"

"இது கீயெண்டு கத்தாதோ?"

"அது அந்தக் காலத்துச் சாமானெல்லோ. இது அடிச்ச உடனை திரும்ப ரெடி." பிறகு என் தோள்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பழையதைக் காட்டி, "அதுக்கு என்ன பிழை?" என்று கேட்டார்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். நேரே அடிக்கிற வெளிச்சத்தில் எனக்கு நம்பிக்கை போய் இருபது வருடங்கள் ஆகின்றன.

பழைய பிளாஷ்களுக்கு ஒரு மணம் இருந்தது. நாலைந்து முறை அடித்ததும் சூடான தூசியும் கருகிய சிறு பூச்சியும் கலந்த மணம் மூக்கில் ஏறும். அந்த மணம் வந்தால் நான் மறுபடியும் ஊர்காவற்றுறையில், ஒற்றை அறை ஸ்ரூடியோவுக்குள், முப்பதைத் தொடாத மிடுக்கோடு நிற்பேன். என் முதல் பிளாஷை ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் தெரிந்தெடுத்தேன்: எவ்வளவு தூரம் போகும்? "கோயில் மேற்கு வீதியிலை நிண்டு அடிச்சால் கிழக்கு வீதியிலை நிக்கிறவன் கண்ணை மூடுவான்," என்றார் விற்றவர். எனக்கு அது போதும். கடலை நோக்கி அடித்துப் பார்க்க ஆசைதான். கரையில் நேவி இருந்தது. ஆகவே கிணற்றடியில் நின்று தென்னையின் உச்சி வட்டை நோக்கி அடித்து, காகங்களைக் கலைத்துத் திருப்திப்பட்டேன்.

அதற்குக் கழுத்து இல்லை. தலை நேரேதான் பார்க்கும். முன்னால் நிற்பவர் முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு வெள்ளை. ஒருவரும் குறை சொல்லவில்லை. கலியாண வீட்டில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? "தாலிக்கொடியிலை ஒவ்வொரு கண்ணியும் தெரியுது தம்பி," என்று புகழ்ந்தார்கள். நானும் என்னைப் பெரிய கலைஞன் என்று எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

அப்படித் திரிந்த நாளில்தான் நாரந்தனையில் பவளம் அக்காவின் தாய் இறந்துபோனா. தகப்பன் முன்பு தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையும் போய், அவரும் போய், பிறகு இடம்பெயர்ந்து திரும்பி வந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகன் நேசன் சுவிஸில். போய்ப் பதினேழு வருடம். இன்னும் வதிவிடப் பேப்பர் கிடைக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது.

"எல்லாத்தையும் எடும் தம்பி," என்றா பவளம் அக்கா. "கொள்ளி வைக்க ஏலாதவன், பாக்கவாவது வேணும். முகத்தைக் கிட்ட எடும்."

கிட்ட எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு பிளாஷுக்குள் சார்ஜ் கீயென்று ஏறிக்கொண்டே போகும். சிவப்பு விளக்கு எரியும் வரைக்கும் நான் கமராவை இறக்கிவிட்டு நிற்பேன். ஒப்பாரி வைத்த ஒரு மனுசி நடுவில் நிறுத்தி, "உந்தச் சனியன் ஏன் எங்களோடை சேந்து அழுகுது?" என்று கேட்டா. செத்த வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். பந்தலுக்குள்ளே, தலைக்கு மேலே, மூலைக்கு மூலை வெள்ளை கட்டியிருந்தது. அவ்வளவு வெள்ளைத் துணி விரிந்து கிடந்தும் என் பிளாஷுக்கு நிமிர்ந்து பார்க்கத் தெரியவில்லை. எனக்கும்தான். கொள்ளியை மகன் முறையான பெறாமகன் ஒருவர் வைத்தார்.

படங்கள் தபாலில் போயின. ஒரு மாதம் கழித்து, சந்தியிலிருந்த ரெலிபோன் கடைக்கு என்னையும் அக்காவோடு வரச் சொல்லியிருந்தார் நேசன் அண்ணை.

"தம்பி, ஆரைப் படமெடுத்தனீர்?"

"உங்கட அம்மாவை அண்ணை."

"இது என்ர அம்மா இல்லை. கிணத்தைத் தெரியுது. முத்தத்து வேம்பைத் தெரியுது. பெட்டிக்குள்ளை கிடக்கிறவவை மட்டும் தெரியேல்லை."

அவர் கத்தியதால் பக்கத்தில் நின்ற அக்காவுக்கும் கேட்டது. றிசீவரின் வாயைக் கையால் பொத்தினா. "அவன் போகேக்கை அம்மாவுக்கு ஒரு நரை இல்லை தம்பி. பல்லெல்லாம் இருந்தது. அந்தக் காலத்துப் படம் ஒண்டைத்தான் கொண்டு போனவன்." பொத்திய கையை அக்கா எடுக்கவில்லை. "இதை நான் எப்பிடி அவனுக்குச் சொல்லுறது?"

அக்காவின் கையை விலக்கிவிட்டு நான் பேசினேன்.

"பிளாஷின்ர பிழை அண்ணை. நேரை அடிக்கிற சாமான். முகத்தைச் சப்பையாக்கிப் போடும். தலைமயிரையும் வெள்ளையாக் காட்டும்."

"அப்ப அவ இப்பிடி இருக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை. வடிவா இருந்தவ."

அந்தப் பக்கத்தில் அழுகை கேட்டது. செய்தி போன நாளிலிருந்து அன்றுதான் அவர் முதல்முறை அழுதார் என்று, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா சொன்னா.

மூன்று மாதத்தில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. புத்தம் புதுப் பிளாஷ். கழுத்து இருந்தது, நிமிரும், திரும்பும். உள்ளே ஒரு துண்டு: 'இனி ஒருத்தற்றை அம்மாவையும் அப்பிடி எடுக்காதையும்.'

திருப்பி அனுப்ப நினைத்தேன். அனுப்பினால் உண்மையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வைத்துக்கொண்டேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், அது உண்மையிலேயே நல்ல பிளாஷ். வெள்ளைத் துணியை நோக்கி அடித்தால் வெளிச்சம் மெல்ல இறங்கி வந்து கன்னத்துக் குழியில் நிழலை விட்டுவைக்கும். தீவுகள் எங்கும், கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் அதைக் காவித் திரிந்தேன். கமராக்கள் மாறின, அது மாறவில்லை. "உம்மட படத்திலை முகம் முகமா இருக்கு," என்று யாராவது சொல்லும்போதெல்லாம் றிசீவரைப் பொத்திய அக்காவின் கை கண்முன் வரும்.

போன வருடம் பவளம் அக்காவும் போயிட்டா. நேசன் அண்ணையிடம் இப்போது எல்லாப் பேப்பரும் இருந்தது; பிளேன் ஏற நெஞ்சு வருத்தம்தான் விடவில்லை. செத்த வீட்டைக் கைத்தொலைபேசியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இணையம் அறுந்து அறுந்து வந்ததாம். அவர் அனுப்பிய பிளாஷை நிமிர்த்தி, அவருடைய அக்காவை நான் எடுத்தேன். அன்று பின்னேரமே படங்கள் போய்ச் சேர்ந்தன. அவர் போன் எடுத்தார்.

"அக்காவைத் தெரியுதோ அண்ணை?"

"தெரியுது. நல்ல தெளிவு." மூச்சு வாங்கினார். "அம்மாவும் தெரியுறா தம்பி."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்டைக்கு நீர் அனுப்பின படங்களை இப்பதான் எடுத்து, போனுக்குப் பக்கத்திலை வைச்சுப் பாக்கிறன். அதே பொக்கை வாய். அதே நெத்தி. ரெண்டு பேரும் ஒரு ஆள் மாதிரி. அப்ப பிளாஷிலை பிழையில்லை, என்ன?"

பதில் தேட இருபது வருடம் இருந்தது எனக்கு.

"இல்லை அண்ணை."

"ம்." கோபம் இல்லை. "இவ்வளவு காலமும் அம்மாவை மேசை லாச்சிக்குள்ளை கவிட்டுப் போட்டு வைச்சிருந்திருக்கிறன்."

போனை வைத்துவிட்டார். சித்திரையில் அவரும் போனார். அங்கேயே எரித்தார்களாம். யார் படமெடுத்தார்களோ தெரியாது. போன கிழமை குறிகட்டுவானில் ஒரு சடங்கு வீட்டில், அவர் தந்த பிளாஷ் ஏறத் தொடங்கிப் பாதியில் அடங்கிவிட்டது.

கடைக்காரர் காட்டியதைத்தான் வாங்கி வந்திருக்கிறேன். கத்துவதில்லை, காத்திருக்க வைப்பதுமில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கமராவை இறக்கிவிட்டு, வெறுங்கண்ணால் முகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஏழெட்டு விநாடி இனி இல்லை. நாரந்தனையில் அந்தத் தாயை நான் பார்த்தது அப்போதுதான். நெற்றியில் நாலு கோடு, இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு, உதட்டோரம் ஒரு கோணல். ரெலிபோனில் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கலாம். புருவத்து வெட்டிலாவது தாய்தான் என்று மகன் பிடித்திருப்பார்.