எண்ணெய்த் துணியால் துடைத்த சில்லு

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. எழுபதுகளின் கடைசி. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு டயர் கடையில் கார்ச் சில்லு நடுங்காமல் சுழல எடைக்கட்டி வைத்துப் பலன்ஸ் பார்க்கும் வேலை எனக்கு. அப்போதுதான் ஜப்பான் கார்கள் சில அலுமினியச் சில்லுகளோடு வரத் தொடங்கியிருந்தன. இரும்புச் சில்லென்றால் விளிம்பில் ஈயக்கட்டியைக் கவ்வவைத்து சுத்தியலால் ஒரு தட்டு, முடிந்தது. அலுமினியத்தில் அப்படி அடிக்க முடியாது. பசையோடு வரும் கட்டியை உட்புறத்தில் ஒட்ட வேண்டும்.

பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிரேக் தூசியும் கடற்கரை வீதியின் உப்பும் போகச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் விரல்கூடப் படக்கூடாது. கட்டியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சில்லுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். முதலாளிக்கு அதுதான் பொறுக்காது.

“சில்லுக்கு என்ன கலியாணமோ? ஒரு துடை துடைச்சிட்டு ஒட்டும்,” என்பார்.

ஒருநாள் தோப்பூர் அரிசி ஆலைக்காரர் ஒருவரின் காரைக் கிண்ணியாச் சாரதி ஒருவர் கொண்டுவந்தார். என்னிலும் மூத்தவர். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முதலாளி தானே கட்டிகளை ஒட்டிக் காரை அனுப்பிவிட்டார். பலன்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் துணி கிடந்தது.

“கழுவினீங்களோ?” என்று கேட்டேன்.

“துடைச்சனான்,” என்றார்.

நான் அதற்கு மேல் பேசவில்லை. அது என் பிழை.

நாலாம் நாள் கார் திரும்பி வந்தது. ஆலைக்காரரும் கூடவே வந்திருந்தார். வேகம் எடுத்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதாம். சாரதி எங்கேயோ குழியில் விட்டுச் சில்லை நெளித்துவிட்டாராம்.

“நான் எங்கயும் இடிக்கல்ல, ஹாஜியார்,” என்றார் சாரதி.

“இடிச்சுத்தான் இருக்கும்,” என்று எங்கள் முதலாளி கூசாமல் சொன்னார்.

“நாளையில இருந்து நீ வேலைக்கு வரவேணாம்,” என்றார் ஆலைக்காரர், அத்தனை பேருக்கும் முன்னால். சாரதி தலையைக் குனிந்துகொண்டார்.

யாரையும் கேட்காமல் முன்சில்லைக் கழற்றி இயந்திரத்தில் சுற்றிக் காட்டினேன். விளிம்பில் நெளிவே இல்லை. உட்புறத்தில் இரண்டு கட்டிகள் விழுந்துபோயிருந்தன. மூன்றாவது ஒரு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் கையோடு வந்தது. பசை முழுக்கக் கறுத்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும். அதை ஆலைக்காரரின் உள்ளங்கையில் வைத்தேன்.

“பாருங்கோ ஹாஜியார், கட்டி ஊத்தைக்கு மேல ஒட்டியிருக்கு. அதுதான் கழண்டது. இந்தச் சாரதி நானாவில ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கட.”

“வாயை மூடும்!” என்று முதலாளி கத்தினார்.

நான் மூடவில்லை. சுரண்டி, கழுவி, காயவைத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் புதுக் கட்டிகளை ஒட்டினேன். சாரதி உப்புவெளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“இப்ப சுகமா ஓடுது, தம்பி.”

“சரி, ஏறு, போவம்,” என்றார் ஆலைக்காரர். வேலையை விட்டு நிறுத்திய வாயிலிருந்து ஒரு ஆறுதல் சொல்கூட வரவில்லை. அவர் மனம் மாறிவிடுமோ என்று பயந்தவர்போல் சாரதி அவசரமாக ஏறிக்கொண்டார். அந்த அவசரத்தைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் முதலாளி என்னைப் பஞ்சர் ஒட்டும் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கப்பல்துறை என்ற ஊரில் வேறொரு கராஜில் சேர்ந்துகொண்டேன்.