ஏணிமேல் குற்றமில்லை

சேசம்மாளைத் தெரியாதவர்கள் அந்தச் சந்தில் இல்லை. ஆனால் அவள் கீழே இறங்கி வருஷம் ஒன்றாகிறது. போன மழைக்காலத்தில், குடியிருக்கும் மேல் அறையான மாளாவிலிருந்து இறங்கும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு மேலே தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார்கள். எலும்பு கூடியது, கட்டும் பிரிந்தது. மாளாவுக்குள் நன்றாகத்தான் நடக்கிறாள். இறங்கத்தான் மாட்டேன் என்கிறாள்.

தாராவியில் மேல் அறைக்குப் படிக்கட்டு ஏது? சுவரோடு நிமிர்ந்து நிற்கும் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு, அவ்வளவுதான். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாலே சேசம்மாளுக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். கீழ் அறையில் தோல்பை தைக்கும் பூதத்தான் நிறுத்திய ஏணிதான் தன்னைக் கவிழ்த்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். அந்த மனுஷர் வாய் திறக்காமல் புது ஏணி அடித்து நிறுத்தினார். ஏணி மாறியது; படபடப்பு மாறவில்லை.

எப்படி மாறும்? விழுந்த அன்று காலையில், ஈரத்துணிக்குக் கொடி கட்ட அந்தக் கயிற்றை அவிழ்த்தவளே அவள்தான். திரும்பக் கட்டும்போது குக்கர் விசில் அடித்தது. அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடினாள். சாயங்காலம் பிடித்த கயிறு கையோடு வந்துவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போகப் போகத் தனக்கே சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன் சேசுவே" என்று அழுவது சுலபமாக இருந்தது. அழுதால் பக்கத்துவீட்டு கிளாரா மீன்குழம்பும் கொண்டுவருவாள்.

மேலே குளிக்க மோரி உண்டு, கக்கூஸ் கிடையாது. தினமும் காலையில் மூடிய வாளியோடு இறங்குகிறவள் மகள் ஸ்வீட்டி. தகப்பன் இல்லாத பெண். குர்லாவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்குப் பூனாக் கிளையில் சூப்பர்வைசர் வேலை வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை செபமாலைக்குப் பெண்கள் வருவதற்குச் சற்று முன்னால், ஸ்வீட்டி போனில் ஹிந்தியில் பேசுவது கேட்டது. அம்மாவால் இறங்க முடியாது மேடம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். சேசம்மாளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, பிள்ளை எங்கேயும் போகாது! மறுகணமே அந்த நிம்மதியை நினைத்து உடம்பு கூசியது. பெற்ற மகளையும் இந்த மாளாவுக்குள் போட்டு அடைத்துவிட்டோமே என்றிருந்தது.

பெண்கள் ஏறி வந்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போல முதல் வேண்டுதல் அவளுக்குத்தான்.

"பாழாப்போன ஏணியால முடங்கிக் கெடக்க எங்க அக்காவுக்காக..." என்று கிளாரா தொடங்கினாள்.

"ஏணி மேல குத்தமில்ல," என்றாள் சேசம்மாள். "கயித்த அவுத்தது நான். ஒழுங்கா கட்டாம விட்டதும் நாந்தான்."

கிளாரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னக்கா செய்வ? ஒத்தையா கெடந்து பிள்ளைய வளத்தவ. விடு, விடு."

சேசம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. உயிரைக் கொடுத்துச் சொன்ன குற்றத்தைக்கூட இவர்கள் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் போலிருக்கிறது.

அவர்கள் போனதும் கயிற்றை அவிழ்த்தாள். ஸ்வீட்டி பதறினாள். "மம்மி, கியா ஹுவா? என்ன பண்ணுத?"

"நீ கீழ போயி நில்லுட்டி. என்னைய யாரும் புடிக்கக் கூடாது."

தன் கையாலேயே ஏணிக்கு மேலே ஓடும் இரும்புக் குழாயில் சுற்றி, இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டாள். முழு உடம்பையும் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். ஸ்வீட்டி இறங்கியதும், திரும்பி நின்று காலைக் கீழே விட்டாள். இரண்டு படி போயிற்று. மூன்றாவதில் கயிற்றை இறுகப் பிடித்தபடி நின்றுவிட்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே தையல் மிஷின் சத்தம் நின்றது. பூதத்தான் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாச்சி," சுவரைப் பார்த்தபடியே சொன்னாள், "ஒங்க ஏணி மேல குத்தமில்ல."

"தெரியும்மா. அன்னிக்குக் கயிறு ஒங்க கையிலல்லா இருந்துச்சு. மெதுவா எறங்குங்க."

இத்தனை நாளும் தெரிந்தேதான் சும்மா இருந்திருக்கிறார். வெட்கத்தில் கண் இருட்டியது. ஸ்வீட்டி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தாள்.

"நீ ஏறி வந்தேன்னா நான் திரும்ப மேல போயிருவேன்," என்று கத்தினாள் சேசம்மாள். "அந்தப் பூனா மேடத்துக்குப் போன் போடு. வாரேன்னு சொல்லு."

"மொதல்ல நீ எறங்கு மம்மி!"

"நீ போடு."

ஸ்வீட்டி அழுதுகொண்டே நம்பரைத் தட்டினாள். மணி அடித்தது. நெஞ்சு அதேபோலத்தான் அடித்துக்கொண்டது, உள்ளங்கை அதேபோலத்தான் வேர்த்தது. மேடம் போனை எடுப்பதற்குள் சேசம்மாள் இன்னும் ஒரு படி இறங்கியிருந்தாள்.