ரிஜெக்ட் ஆன வண்டியும் அதன் இன்சார்ஜும்

எங்கள் கம்பெனியில் ஒருவரால் வேலை செய்ய முடியாமல் போனால் அவரைச் சூப்பர்வைசர் ஆக்கிவிடுவார்கள். ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து இடுப்பு போனவர் லைன் சூப்பர்வைசர். துணி வெட்டி மணிக்கட்டு போனவர் கட்டிங் இன்சார்ஜ். ஆகவே ரேஸில் கார் ஓட்டிக் கழுத்து போன என்னை ரேஸ் டீமுக்கு இன்சார்ஜ் ஆக்கியதில் கம்பெனியில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கம்பெனி என் பெரியப்பாவுடையது. பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். ரேஸ் காரும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ரேஸ் கார் என்றதும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தோடு பழனிக்குப் போய்வருகிற சாதாரணக் காரில் சீட்டு, ஏசி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டி ஓட்டுகிற ரேஸ் இது. கோயமுத்தூருக்கு வெளியே உள்ள ட்ராக்கில் ஒரே மாதிரியான கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றும். எட்டு வருஷம் நானும் சுற்றினேன். எனக்கு வேறு எதன் மேலும் அவ்வளவு ஆசை இருந்ததில்லை, என் கல்யாணம் உட்பட.

பெரியப்பாவுக்கு ரேஸ் என்பது கடைசிவரை பிடிபடவே இல்லை. "ஏங்கண்ணு, கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்கு இத்தன அவசரம்?" என்று ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் கேட்பார். ஆனால் காரின் பக்கவாட்டில் கம்பெனி பெயர் பெரிதாக எழுதியிருப்பது அவருக்குப் பிடிக்கும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வந்தால் அந்த போட்டோவைக் காட்டுவார்.

இந்த சீசனின் முதல் ரேஸில் நான் நேராகப் போய்ச் சுவரில் முட்டினேன். டாக்டர் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டலாம், ஓட்டாம இருந்தா நல்லது" என்றார். பெரியப்பா அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை 'ரேஸ் இன்சார்ஜ்' என்று போட்ட அடையாள அட்டை ஒன்று என் கழுத்தில், அந்த அடிபட்ட கழுத்தில், தொங்கியது.

ஓட்டுகிற இடம் என் தங்கைக்குப் போனது. கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். பையர்களோடு மெயிலில் மல்லுக்கட்டுவது அவள் வேலை. வயது முப்பத்தாறு, வீட்டில் இன்னும் பாப்பா. அத்தனை வருஷமும் ட்ராக் ஓரத்தில் நின்று எத்தனையாவது ரவுண்டு என்று எனக்குப் போர்டு காட்டியவள் அவள்தான். ரேஸ் லைசென்ஸ் எடுத்துப் பர்ஸில் வைத்திருந்தாள். ஆனால் ஒரு ரேஸ்கூட ஓட்டியதில்லை. இருந்தது ஒரே கார், அதில் நான் இருந்தேன். நான் நசுக்கியதை நிமிர்த்தி எடுப்பதற்குள் சீசன் முடிய வந்து, ஒரே ஒரு ரேஸ் மிச்சம் இருந்தது. அடுத்த வருஷம் பெரியப்பாவின் மனது எப்படி இருக்கும் என்று முருகனுக்கே தெரியாது.

வாராவாரம் புரொடக்‌ஷன் மீட்டிங்கில் நானும் உட்கார வேண்டியதாயிற்று. கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் முடிந்ததும் பெரியப்பா என் பக்கம் திரும்புவார்.

"ரேஸ் செக்‌ஷன், இந்த வாரம் எத்தன?"

"ரேஸ் அடுத்த மாசந்தானுங்க பெரியப்பா."

"அப்ப இந்த வாரமும் புரொடக்‌ஷன் ஒண்ணுமில்ல."

கட்டிங் இன்சார்ஜ் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். கடைசி மீட்டிங்கில் பெரியப்பா, "வண்டிக்குச் செக்கிங் ஆச்சா?" என்று கேட்டார். நான் விளையாட்டாக, "வேணும்னா செக்கிங் அக்காவ அனுப்புங்க" என்றேன். பெரியப்பாவிடம் விளையாட்டாகப் பேசக் கூடாது என்பதை எங்கள் குடும்பத்தில் சோற்றோடு பிசைந்து ஊட்டுவார்கள். எனக்கு எப்படியோ மறந்துவிட்டது.

ரேஸ் அன்று காலை கம்பெனி வேனில் செக்கிங் அக்கா வந்து இறங்கினார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அம்பு ஒட்டிய பீஸ் திரும்பவும் தையலுக்குப் போய்ச் சரியாகி வந்தால்தான் பேக்கிங்குக்குப் போகும். பெரியப்பாவே வந்து கேட்டாலும் அக்கா விடமாட்டார். சட்டத்தைப் போட்டதே பெரியப்பாதான்.

அக்கா ஸ்டிக்கர் சுருளைக் கையில் மாட்டிக்கொண்டு காரைச் சுற்ற ஆரம்பித்தார். அது எட்டு வருஷம் நான் இடித்த கார். முன் பம்பர் அவிநாசிபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கியது, நிறம் கொஞ்சம் வேறு. "ஷேட் மாறுது" என்று அதற்கு ஒரு அம்பு. கதவு, கூரை, டிக்கி எங்கும் அம்பு. காலையில் பூஜை போட்டு நான் வைத்த சந்தனத்துக்கும், "கறை" என்று ஒரு அம்பு. முடித்தபோது காருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. எங்கள் மெக்கானிக் தலையில் கைவைத்து டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பீஸ் ரிஜெக்ட் சார்" என்றார் அக்கா.

"அக்கா, இது ரேஸ் காரு. இடி வாங்கறதுக்குன்னே இருக்கறது."

"வாங்கட்டும் சார். பேக்கிங்குக்கு முன்னாடியே வாங்குனா நான் எப்படி விட முடியும்?"

சற்று நேரத்தில் பெரியப்பாவும் வந்துவிட்டார். காரைச் சுற்றிப் பார்த்தார். அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இதயெல்லாம் சரி பண்ணிட்டு ஓட்டுங்க."

"இன்னும் ஒரு மணி நேரத்துல ரேஸுங்க பெரியப்பா."

"அப்ப இன்னைக்கு வேண்டாம். பொம்பளப் புள்ள கையில தப்பு இருக்கற வண்டியக் குடுக்கறதா?"

என் தங்கை ரேஸ் உடையில், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு மெயிலுக்கு ஐந்து பதில் எழுதுகிறவள், கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரேஸுக்கு உன்ற பேரும் குடுத்திருக்குதல்ல? நீ ஓட்டு கண்ணு. எல்லாம் நீ இடிச்சதுதான. உனக்கு இந்த வண்டி போதும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பொய் சொல்வானேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் ரேஸ் உடை வேனில்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தேன். இன்சார்ஜுக்கு இது எதற்கு என்று யாரும் கேட்டிருக்கவில்லை. வேனை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். கழுத்து வலிகூட இல்லை.

திரும்பிப் பார்த்தபோது தங்கை ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் சாய்த்திருந்த போர்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் இல்லை. பழக்கத்தில் கை தானாக அங்கே போயிருந்தது.

நான் நேராகச் செக்கிங் அக்காவிடம் போனேன்.

"அக்கா, என்னையும் செக் பண்ணுங்க."

"சார்?"

"நானும் இன்னைக்கு வெளிய போற பீஸ்தான? செக்கிங் ஆகாம எப்படிப் போறது?"

அக்கா பெரியப்பாவைப் பார்த்தார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீற முடியாமல் பெரியப்பா சரி என்றார். அக்கா என்னைத் திரும்பச் சொன்னார். கழுத்தில் ஒரு அம்பு. கையைத் தூக்கச் சொல்லி, "ரெண்டு தோளும் அளவு சேரல" என்று இன்னொன்று. மூக்குக் கண்ணாடிக்கு ஒன்று. காதோரம் நரைத்த முடிக்கு, ஷேட் மாறுது என்று ஒன்று. வயிற்றைக் கொஞ்சநேரம் பார்த்து யோசித்து, அங்கேயும் ஒன்று. பக்கத்து டீம்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அக்கா யாரையும் சட்டை செய்யவில்லை.

"சரி பண்ணிரலாமா?" என்று பெரியப்பா கவலையோடு கேட்டார்.

அக்கா என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். பாதிதான் திரும்பியது.

"ஆகாதுங்கய்யா. இது செகண்ட்ஸ்."

செகண்ட்ஸ் என்றால் ஏற்றுமதிக்கு ஆகாமல் இங்கே ரோட்டோரத்தில் குவித்துப் போட்டு விற்கிற சரக்கு. தன் கம்பெனி பெட்டியில் ஒரு செகண்ட்ஸ்கூடப் போனதில்லை என்பதுதான் பெரியப்பா வாழ்க்கையில் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம். எங்களைத் தூக்கி வளர்த்தவர், என்னை ஒரு பழைய பனியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள்.

"பெரியப்பா, பையர் ஒத்துக்கிட்டா தப்போடயே சரக்க அனுப்பறமல்லங்க?"

"ஆமா. பையர் சொன்னா அனுப்பித்தான ஆகோணும்."

"இந்த வண்டிக்கு பையர் நானுங்க. தப்பெல்லாம் பாத்துட்டேன். ஒத்துக்கறனுங்க."

"மெயில் போடு" என்றார் பெரியப்பா.

அங்கேயே நின்று போனில் மெயில் போட்டாள். பெரியப்பா தன் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி முழுவதையும் படித்தார். "சரி, அனுப்பு" என்றார். அதற்குள் அக்கா என் தங்கையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மணிக்கட்டில் தொங்கிய ஒரு நூலை மட்டும் கத்தரித்துவிட்டு, "பாஸ்" என்றார்.

அம்புகளைப் பிய்க்க நேரம் இல்லை. கார் அப்படியே போனது. முதல் ரவுண்டில் சிவப்பு ஸ்டிக்கர்கள் பறந்து பின்னால் வந்தவர்களின் கண்ணாடியில் ஒட்டின. நான் போர்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் முட்டிய அதே வளைவில் அவள் இரண்டு பேரைத் தாண்டினாள். "பாப்பா! பாப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஏழாவதாக வந்தாள்.

காரை நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிவந்து, தலைமுடி நனைந்திருந்தது. கட்டிப்பிடிப்பாள், நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்கண்ணா, இத்தன வருசமா இதையா நீங்க மட்டும் வச்சுட்டு இருந்தீங்க?"

ஆமாம் பாப்பா, என்றேன்.