எடுத்துப்போடும் என்று நான் கேட்ட மாத்திரை

பிரியமானவர்களே, கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைக்க எனக்கு மனமில்லை.

நான் காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறவன். போன வருடம் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. பாதி வழியில் வேனை எண்ணெய் நிலையத்தில் நிறுத்திவிட்டுக் கழிவறைக்கு ஓடுவேன். ஒரு நாள் காலையில் திரும்பி வந்தபோது, வேனுக்குள் ஒரு சின்னப் பிள்ளை பயந்து அழுதுகொண்டிருந்தாள். அன்று நான் உடைந்துபோனேன். இப்படியே போனால் வேன் ஓட்ட முடியாது. மாத்திரையை நிறுத்தினாலோ, இதே வியாதிக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு காலை இழந்த என் அண்ணன் கண்முன் நிற்கிறார்.

ஜெபக்குழுவில் ஒரு சகோதரர், "விட்டுடுங்க பிரதர், விசுவாசம் போதும்லா" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "ஆண்டவரே, இந்த மாத்திரையை என்னைவிட்டு எடுத்துப்போடும்" என்று தினமும் அழுதேன். பதில் இல்லை. வயிறு மட்டும் தவறாமல் பதில் சொன்னது.

என் மனைவி செல்விதான், "நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அங்கே மருந்து கொடுக்கும் பெண், "எப்போ போடுறீங்க அங்கிள்?" என்று கேட்டார்.

"வேன் எடுக்கும்போது. வெறும் தண்ணியில."

"சாப்பாடு?"

"ஓட்டம் முடிஞ்சு வந்து, குடும்ப ஜெபம் பண்ணிட்டுத்தான்மா. அதுக்கு முன்னால எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டோம்."

"வெறும் வயித்துல போட்டா வயிறு இப்படித்தான் படுத்தும் அங்கிள். சாப்பாட்டோட போடணும்."

மாத்திரை சாப்பாட்டுக் கணக்கில் வராது, அதனால் ஜெபத்துக்கு முன்பே போடலாம் என்று நானாகவே சட்டம் போட்டு வைத்திருந்தேன். டாக்டரும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார். செல்வி ஜெபத்தை விடியற்காலைக்கு மாற்றினாள். இப்போது முதலில் முழங்காலில் ஜெபம், பிறகு தோசை, அதோடு மாத்திரை. சில வாரங்களில் வயிறு அடங்கியது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. வேன் வழியில் எங்கும் நிற்பதில்லை.

நான் கேட்டபடி நடக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அப்படிக் கேட்க வைத்தவர் ஆண்டவர் என்று நம்புகிறேன். என்னைப் போலத் தவிக்கிறவர்கள் இங்கே இருந்தால், அவரை நம்பி ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு கிளினிக்குக்குப் போய், வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும்போது, அந்த மாத்திரைக்கும் சேர்த்தே ஸ்தோத்திரம் சொல்கிறோம்.